கடைசி வண்டிக்கு முன்னால் ஒரு முதுகு

எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு டி-ஷர்ட்டுகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. ஒன்று கிளிப்பச்சை. இன்னொன்று எந்தப் பூவிலும் எந்தப் பழத்திலும் இல்லாத ஓர் ஆரஞ்சு. இரண்டின் மார்பிலும் சைக்கிள் படம், முதுகில் ஒரு கண் மருத்துவமனை, ஒரு சிமெண்ட் கடை, ஒரு கல்யாண மண்டபம். செங்கல்பட்டுப் பக்கத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர இல்லம் ஒன்று இருக்கிறது. அதற்கு வேன் வாங்குவதற்காகத் தொடங்கி, பிறகு வாங்கிய வேனுக்கு டீசல் போடுவதற்காகத் தொடர்ந்து, வருடா வருடம் தை மாதத்தில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கும். அதில் கலந்துகொண்டதற்காக என் மனைவிக்குக் கொடுத்தவை. அவள் அவற்றை ஒருநாளும் போட்டதில்லை.

"டி-ஷர்ட்டை முந்தின நாளே குடுத்துடறாங்க. மெடல் முடிச்சாத்தான். முடிக்காத ஓட்டத்தோட சட்டையை மாட்டிக்கிட்டு எந்த மூஞ்சியோட லிஃப்ட்ல ஏறுறது?" என்பாள்.

படூரில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் சாதாரண லிஃப்ட் இல்லை. ஆறு பேர் நிற்கும் அந்தப் பெட்டிக்குள்தான் யார் எங்கே வேலை மாறினார்கள், யார் வீட்டுப் பையன் எந்தப் பாடத்தில் விழுந்தான், யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் முடிவாகும். அதற்குள் ஆரஞ்சு சட்டையோடு நுழைந்தால் முதல் கேள்வி, "முடிச்சீங்களா மேடம்?" என்றுதான் வரும். என் மனைவி பொய் சொல்லமாட்டாள்.

அவள் முடிக்காததற்குக் காரணம் அவள் கால்கள் இல்லை. நான்.

முதல் வருடம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். நாங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டினோம். திருக்கழுக்குன்றத்தில் ஒரு திருப்பத்தில் மெதுவடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கவிதை எழுதுகிறவன். எண்ணெயில் ஒரு வடை புரண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துபோக முடியவில்லை. நான்கு தின்றேன். அதற்குப் பிறகு மாமல்லபுரம் வரை சாலையோரம் இருந்த ஒவ்வொரு சவுக்குத் தோப்பையும் நான் வேறு கண்ணோடு பார்க்க வேண்டியதாயிற்று. அவள் ஒவ்வொரு தோப்புக்கு வெளியிலும் இரண்டு சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தோப்புக்கு வெளியே வந்தது கடைசி வண்டி.

கடைசி வண்டி என்பது ஒரு குட்டி யானை. காய்கறி ஏற்றுவார்களே, அந்தச் சின்ன லோடு வண்டிதான். ஓட்டத்தில் கடைசியாக வருகிறவருக்குப் பின்னாலேயே ஊர்ந்து வரும். முடியாதவர்களை முன்னால் ஏற்றி, சைக்கிளைப் பின்னால் போடும். எல்லோரும் கைதட்டி வரவேற்கிற வளைவுக்குள் அது நுழையாது. வளைவுக்குப் பின்பக்கம், தற்காலிகக் கழிப்பறை வரிசைக்கு அருகில் இறக்கிவிடும்.

இரண்டாம் வருடம் என் சைக்கிள் செயின் கழன்றது. அதை மாட்டுவதற்கு எவ்வளவு கழற்ற வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கழற்றிவிட்டேன். வெகுதூரம் முன்னால் போயிருந்தவள் என்னைக் காணவில்லை என்று திரும்பி வந்தாள். அப்போது சாலையோரம் ஒரு பழைய நாளிதழைப் பரப்பி அதன்மேல் உதிரிப் பாகங்களை அடுக்கி வைத்து அவற்றின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி குட்டி யானை. மறுபடி கழிப்பறை வரிசை. அதே டிரைவர். "அக்கா, போன வருசம் வந்தது நீங்கதானே?" என்று அவன் சிநேகமாகக் கேட்டபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றுவரை எந்தக் கவிதையிலும் சேர்க்க முடியவில்லை.

மூன்றாம் வருடம் ஓட்டத்தின் வடிவம் மாறியது. முதலில் கடலில் நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். தனியாக முடியாதவர்கள் மூன்று பேர் கொண்ட அணியாகச் சேர்ந்து ஆளுக்கு ஒன்றைச் செய்யலாம். என் மனைவியின் தம்பி, கல்பாக்கத்தில் டெக்னீசியன், தினமும் காலையில் ஸ்டாஃப் பஸ் பிடிப்பதற்கு முன்பு நகரியத்தைச் சுற்றி ஓடுகிறவன். "ஓட்டம் என்னுது. சைக்கிள் அக்காவுது. தண்ணிக்கு மட்டும் ஓர் ஆள் வேணும்," என்றான்.

"நான் நீந்துகிறேன்," என்றேன்.

என் மனைவி யோசித்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"அப்ப நீங்க தண்ணியில இருப்பீங்க. நான் ரோட்டுல இருப்பேன்," என்றாள். "சரி."

என் நீச்சல்மேல் வைத்த நம்பிக்கை இல்லை அது. எனக்கும் அவளுடைய சைக்கிளுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கப்போகிறது என்பதில் வந்த நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியில் ஓர் ஓட்டை இருந்தது. நீந்துகிறவன் கணுக்காலில் ஒரு பட்டை கட்டியிருப்பான். அவன் கரையேறி வந்து, அந்தப் பட்டையைக் கழற்றிச் சைக்கிள்காரர் காலில் கட்டினால்தான் அவர் கிளம்பலாம். நேரம் முடிந்து விசில் ஊதிவிட்டால், பட்டை வந்தாலும் சைக்கிளைத் தொடக்கூடாது. நான் வராவிட்டால் அவள் கிளம்பவே முடியாது. குட்டி யானையில் ஏறக்கூட வழியில்லை.

அவள் கெஞ்சவும் மாட்டாள். கல்லூரி ஒன்றில் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கடைசித் தேதி தாண்டி வந்து கவுண்டர் முன்னால் கண்ணைக் கசக்கும் எத்தனையோ பிள்ளைகளிடம், "முடிஞ்சா முடிஞ்சதுதாம்மா," என்று சொல்லிப் பழகிய வாய். அதே வாயால் தனக்காக ஒரு நிமிடம் கேட்பாளா?

ஒரு வருடம் அவள் பயிற்சி எடுத்தாள். விடிகாலையில் கிளம்பி, கேளம்பாக்கத்தில் திரும்பி, உப்பளங்களின் நடுவே கோவளம் வரை போய், கடலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்புவாள். எதிர்க்காற்றில் போனால்தான் கால் வலுக்கும் என்று காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமாகக் கிளம்புவாள். நான் பால்கனியில் காபியோடு நின்று, நீச்சல்காரனுக்கு ஓய்வும் ஒரு பயிற்சிதான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

எனக்கு நீச்சல் தெரியும். அதில் சந்தேகமே வேண்டாம். திருப்போரூருக்கு மேற்கே எங்கள் ஊர்க் கழனிக் கிணற்றில் கற்றது. இடுப்பில் காலி எண்ணெய் டின்னைக் கட்டித் தூக்கிப் போட்டார்கள், டின் ஒருநாள் கழன்றது, நான் கழலவில்லை, அவ்வளவுதான் பாடத்திட்டம். ஆனால் வட்டக் கிணற்றில் நேராக எங்கே நீந்துவது? நான்கு கை போட்டால் சுவர். வலது பக்கம் பம்ப்செட் குழாய் இறங்கியிருந்ததால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இடது பக்கமாகவே சுற்றுவோம். மாலை முழுக்க, கண் சிவக்கச் சிவக்க, இடது, இடது, இடது. செக்குமாட்டுக்கு நீச்சல் தெரிந்தால் எப்படியோ அப்படி.

இதில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்று அடுக்ககத்து நீச்சல்குளத்தில்தான் தெரிந்தது. நீளவாக்கில் கிளம்பினேன். இடது சுவரில் மிதந்துகொண்டு ஓய்வெடுத்த ஒரு பெரியவரின் வயிற்றில் போய் முட்டினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன். அதே வயிறு, இந்த முறை எதிர்த்திசையிலிருந்து. அவர் அதற்குப் பிறகு லிஃப்ட்டில் என்னோடு ஏறுவதில்லை, படியில் போகிறார். மருத்துவருக்கு அது மகிழ்ச்சியாக இருக்கும்.

கடலில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சதுரங்கப்பட்டினத்துக் கரையில் மச்சான் காவலுக்கு நின்றான். நான் அலையைத் தாண்டினேன். கிழக்கே தலையை வைத்து, மூச்சு வாங்கி, கை வீசி, கை வீசி, ஆகா, சுவர் இல்லாத தண்ணீர், மூலை இல்லாத தண்ணீர், குழாய் இல்லாத தண்ணீர். எவ்வளவு தூரம் வந்திருப்பேன் என்று தெரியாத ஓர் ஆனந்தத்தில் முழங்கால் மணலில் இடித்தது. நடுக்கடலில் மணலா? தலையைத் தூக்கினேன். எதிரே மச்சான் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா மாமா, எதையாச்சும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டியா?" என்றான்.

அவன் டெக்னீசியன் மூளை உடனே வேலை செய்தது. "உன் வலது கை ஓவர்லோடு மாமா. லெஃப்ட்டு சும்மா பேருக்குச் சுத்திகினு கீது. பம்பு ரெண்டுல ஒண்ணு வீக்கா இருந்தா வேற இன்னா ஆவும்?"

"இப்ப என்ன செய்யறது?"

"இன்னா செய்யறது? அக்காகிட்ட சொல்லாத. அவ்ளோதான்."

சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. லிஃப்ட் இருக்கிறதே.

ஓட்டத்துக்கு முந்தின மாலை மாமல்லபுரத்துக் கடற்கரையில் எல்லோரையும் மணலில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார்கள். சொன்னவர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கியது; குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று தோன்றும்படி. "மிதவையைச் சுத்தித் திரும்பி வரணும். தண்ணி தெற்கே இழுக்குது, ஞாபகம் வெச்சுக்குங்க. நேரம் முடிஞ்சதும் காவல் படகு கடலை ஒரு சுத்து பார்த்துட்டுக் கரைக்கு வரும். படகு கரையைத் தொட்ட பிறகுதான் விசில். கடல்ல யாரும் இல்லைன்னு தெரியாம நான் ஊதமாட்டேன். ஊதிட்டா, அப்பறம் கலெக்டரே வந்தாலும் சைக்கிள் எடுக்க முடியாது."

என் மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பாட்டுக் கேட்பதுபோல அவள் விதிகளைக் கேட்பாள்.

மறுநாள் வானம் வெளுக்கும்போது நாங்கள் ஆரஞ்சுத் தொப்பி போட்டு வரிசையில் நின்றோம். சுற்றிலும் மழித்த கால்கள். எனக்கு அடுத்து நின்ற இளைஞன் தொழில்நுட்ப அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவன், மூன்றையும் தனியாகச் செய்யப்போகிறவன். "அங்கிள், நேத்து நைட் கார்ப்ஸ் எடுத்தீங்களா?" என்று மாவுச்சத்தைப் பற்றிக் கேட்டான். "இட்லி," என்றேன். "எவ்வளவு கிராம்?" என்றான். இட்லியை எடைபோட்டுச் சாப்பிடும் ஒரு தலைமுறையோடு கடலில் இறங்குகிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

இறங்கினோம். அலை முகத்தில் அறைந்தது, இன்னொரு அலை மன்னிப்புக் கேட்பதுபோல் தூக்கிவிட்டது. நான் கிழக்கே போனேன். என் கை என்னை இடது பக்கம், வடக்கே இழுத்தது. கடல் என்னைத் தெற்கே இழுத்தது. நம்பமாட்டீர்கள். நடுவே நான் கோடு போட்டதுபோல நேராகப் போனேன்! குளத்தில் பழகிய ஒழுங்கான நீச்சல்காரர்கள் எல்லாம் தெற்கே தெற்கே ஒதுங்கிக்கொண்டிருக்க, என் கோணல் மட்டும் கடலின் கோணலோடு கைகுலுக்கி, ஒன்றையொன்று சமன்செய்து, என்னை மிதவையை நோக்கி அம்பு மாதிரி விட்டது. கார்ப்ஸ் இளைஞனையே தாண்டினேன். சூரியன் அப்போதுதான் தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தது, அதுவும் ஓர் ஆரஞ்சுத் தொப்பி, அதுவும் எங்கள் ஓட்டத்தில் பெயர் கொடுத்திருந்தது. மிதவையை இடது பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். இடதா? அதற்காகவே பிறந்தவன் நான். கிணற்றின் அத்தனை மாலைகளும் ஒன்றுசேர்ந்து என்னைத் திருப்பிவிட்டன. இந்தக் கணத்துக்காகத்தான் அந்தப் பம்ப்செட் குழாயை வலது பக்கம் இறக்கினார்கள் என்று நினைத்தேன்.

திரும்பிக் கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கினேன். ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. கரையைப் பார்த்துத் திரும்பினால் என் இடது பக்கம் தெற்கு. கடல் இழுப்பதும் தெற்கு.

இப்போது இருவரும் ஒரே கட்சி.

முதல் முறை தலையைத் தூக்கியபோது வரவேற்பு வளைவு கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்திருந்தது. காற்றில் சாய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை வளைவு விரல் அளவு. மூன்றாம் முறை வளைவே இல்லை, கடற்கரைக் கோயில் கோபுரம் நேர் எதிரே, மிகவும் பெரிதாக, மிகவும் பழமையாக, அவசரமே இல்லாமல் நின்றது. வலது பக்கம் திரும்பப் பார்த்தேன். கை கேட்கவில்லை. அன்று நான் குடித்த உப்புத் தண்ணீருக்கு, வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்காரர்கள் அரைநாள் விடுப்பு எடுத்திருக்கலாம்.

அந்த நேரத்தில் கரையில் நடந்ததைப் பிறகு மச்சான் எனக்கு நடித்தே காட்டினான். எல்லாத் தொப்பிகளும் கரையேறிவிட்டன. ஒன்று மட்டும் இல்லை. விசில்காரர் என் மனைவியிடம் வந்தார். அவள் ஹெல்மெட் மாட்டி, கையுறை போட்டு, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரரைக் காணோம்."

"இடது பக்கமாப் பாருங்க சார். அவரு எப்பவும் இடது பக்கம்தான் போவாரு."

படகு கிளம்பிற்று. அவள் கடலைப் பார்த்து நின்றவள். அவளுடைய இடது பக்கம் வடக்கு. படகு வடக்கே போனது. நான் தெற்கே இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே பக்கம் பார்த்து நின்ற சந்தர்ப்பங்கள் குறைவு, என்ன செய்வது.

கோயிலுக்குச் சற்று முன்னால் ஓர் அலை என்னைக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. சூரிய உதயம் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் பயந்து எழுந்தது. குழந்தை என்னைக் காட்டி என்னவோ கேட்டது, அப்பா போட்டோ எடுத்தார். ஒரு சிப்பி குதிகாலைக் கிழித்தது. ஓடினேன். நீச்சல் ஜட்டி, ஆரஞ்சுத் தொப்பி, கணுக்காலில் பட்டை, ஒற்றைக்கால் நொண்டல். குதிரை சவாரிக்காரர் குதிரையோடு கூடவே நடந்து வந்தார். "சார், ஒரு ரவுண்டு?" என்றார். நீந்துகிறவன் குதிரையில் வரக்கூடாது என்று நேற்று விதியில் சொன்னார்களா? சொல்லவில்லை. ஐந்தாறு அடி உண்மையாகவே யோசித்தேன். பிறகு, குதிரையில் வந்து இறங்கும் என்னை அவள் பார்ப்பதை நினைத்தேன். ஓடினேன்.

இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே, வலைகளைத் தாண்டி. மீனைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தலைநிமிர்ந்தாள்.

"இன்னா நைனா, துணியத் தூக்கிகினு பூட்டானுங்களா?"

"இல்லம்மா, போட்டி!"

"யாரோட?" என்று எனக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

தூரத்தில் வளைவு தெரிந்தது. வளைவுக்கு அருகே விசில்காரர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதும் தெரிந்தது. அவர் எதிரே என் மனைவி. அவள் கையெடுத்துக் கும்பிடவில்லை. ஒரு விரலை உயர்த்தியிருந்தாள். கவுண்டருக்குள் இருந்து உயரும் அந்த விரல்.

"நேரம் முடிஞ்சுடுச்சு மேடம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"நான் நேரம் கேக்கல சார். படகு எங்க?"

"படகா? அது உங்க வீட்டுக்காரரைத் தேடிப் போயிருக்கு."

"படகு கரையைத் தொட்ட பிறகுதான் விசில்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க."

"அது… எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்களான்னு பாக்கறதுக்காகச் சொன்னது மேடம்."

"ஒருத்தர் வரலையே சார். அப்ப ரூல் இவருக்குத்தானே?"

விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அதைச் சட்டையில் துடைத்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த மனிதர், அவரை நிற்கவைக்க ஒருத்தி வந்துவிட்டாள்.

அப்போது இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. வடக்கிலிருந்து படகு, தெற்கிலிருந்து நான். மச்சான் ஒரு கையால் என்னை வா வா என்றும், மறுகையால் படகை இரு இரு என்றும் ஆட்டிக்கொண்டு குதித்தான். "மாமா, சீக்கிரம் வா! அண்ணாத்த, நீ பொறுமையா வா! இன்னா அவசரம், கடல் எங்க ஓடிடப் போவுது!" படகுக்காரர்கள் தங்களை யாரோ இவ்வளவு உற்சாகமாக வரவேற்கிறார்கள் என்று இன்னும் வேகமாக வந்தார்கள்.

நான் வந்து விழுந்தேன். பட்டையைக் கழற்றக் குனிந்தேன், கையெல்லாம் மணல், பிடி கிடைக்கவில்லை. அவள் சைக்கிளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து சர்ரென்று பிய்த்தாள். தன் காலில் சுற்றினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நல்லவேளை. அந்த முகத்தில் அப்போது மூக்கிலிருந்து கடல் வெளியேறிக்கொண்டிருந்தது. அவள் கோட்டைத் தாண்டினாள். படகின் மூக்கு மணலைத் தொட்டது. விசில் ஊதிற்று. இதே வரிசையில்.

முதலுதவிப் பெண் என் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பழகிய ஹாரன்.

"அண்ணாத்த! வந்துட்டியா? உன்ன எங்கடா காணோமேன்னு பாத்துகினே கீறேன்!"

குட்டி யானை. அதே டிரைவர், மூன்றாம் வருடம். நான் வேறெங்கே போவேன்? துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிற்று. கடைசி ஆளுக்குப் பின்னால் போவதுதான் அதன் வேலை. கடைசி ஆள் என் மனைவி.

அப்படித்தான் அவள் ஓட்டுவதை வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். இரண்டு வருடம் பக்கத்திலேயே ஓட்டியும் பார்த்ததில்லை, அப்போதெல்லாம் நான் வடையையோ செயினையோ பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு. ஏறி இறங்கும் இரண்டு குதிகால்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க அவளுக்கென்று நீட்டி விரித்ததுபோல் கிடந்தது. ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் கழிமுகத் தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்ற கொக்குகள், புதுப்பட்டினம் திருப்பத்தில் கல்பாக்கத்து ஸ்டாஃப் பஸ் ஒன்று அவளுக்காக நின்று வழிவிட்டது, ஜன்னலோரத்தில் ஒருவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டினார். அவள் எதையும் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றையும் அவளுக்காகப் பார்த்தேன்.

டிரைவர் சாளரத்தின் வழியாகத் தலையை நீட்டினான். "யக்கா! வெயில் ஏறுது. சைக்கிளப் பின்னாடி போட்டுட்டு ஏறிக்கோக்கா. நம்ம வண்டிதானே!"

அவள் திரும்பாமலே சொன்னாள். "ரெண்டு வாட்டி ஏறிட்டேம்ப்பா. இன்னிக்கு நீ பின்னாடியே வா."

"இன்னா அண்ணாத்த, அக்கா கோவமா கீறாங்களா?"

"உன்மேல இல்ல," என்றேன். "ஓட்டு."

பாலாற்றுப் பாலத்தில் திரும்ப வேண்டும். திரும்பியதும் வாடைக்காற்று நேராக முகத்தில். அதுவரை காற்று முதுகைத் தள்ளிவிட, பறவைகளைப் போலப் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பும் வழியில் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஆனார்கள். அவள் மட்டும் போனபோது எப்படிப் போனாளோ அப்படியே வந்தாள். உப்பளத்துக் காற்றோடு வருடம் முழுக்கச் சண்டை போட்டவளுக்கு இது சொந்தக்காரக் காற்று.

முன்னால் ஒருவன் தெரிந்தான். மழித்த கால்கள். இட்லியை எடைபோட்ட அதே இளைஞன். அவன் சைக்கிள் விலைக்கு எங்கள் குட்டி யானையைப் போல் ஒன்று வாங்கலாம். ஆனால் காற்றுக்கு விலை தெரியாது. அவள் அவனை நெருங்கினாள். ஒட்டி வந்தாள். தாண்டும்போது ஏதோ சொன்னாள். "கழுத்தைத் தளர்த்திக்கங்க தம்பி" என்று சொன்னதாக அவனே பிறகு என்னிடம் சொன்னான். தாண்டிவிட்டாள்.

டிரைவர் பிரேக்கை மிதித்தான்.

"ஏம்ப்பா நிறுத்தற? அவ போறா பாரு!"

"அண்ணாத்த, நம்ம வண்டி கடைசி ஆளுக்குத்தான். இப்ப கடைசி இவுரு." ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "உங்க வூட்டுக்காரம்மாவ இனிமே நாம பாக்க முடியாது."

முதுகு சின்னதாயிற்று. ஹெல்மெட் ஒரு புள்ளி ஆயிற்று. வெங்கம்பாக்கம் தாண்டி ஒரு வளைவில் அந்தப் புள்ளியும் போயிற்று. இத்தனை வருடத்தில் அவள் என்னை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்து நான் கைதட்டியது அன்றுதான். துண்டு நழுவியது. டிரைவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

அதன்பிறகுதான் புதுப் பயம் பிடித்தது. இளைஞன் தள்ளாடினான். இவன் முடியவில்லை என்று வண்டியில் ஏறிவிட்டால்? நாங்கள் வேகமெடுத்துப் போய் அடுத்த கடைசி ஆளுக்குப் பின்னால் நிற்போம். அது மறுபடி அவளாகவே இருந்தால்?

"தம்பி," டிரைவர் இளகிய குரலில் கூப்பிட்டான், "ஏறிக்கிறியா?"

"சும்மா இருய்யா!" என்று அவன் வாயைப் பொத்தாத குறையாகத் தடுத்து, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினேன். "விடாதீங்க தம்பி! சூப்பர்! இன்னும் கொஞ்சம்தான்! உங்களால முடியும்!"

அவன் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "தேங்க்ஸ் அங்கிள்," என்றான். அவ்வளவு நல்ல மனிதன் என்று என்னை யாரும் நினைத்ததில்லை. திருத்தவில்லை. மாமல்லபுரம் வரை தொண்டை வற்றக் கத்திக்கொண்டே வந்தேன்.

அவன் வளைவுக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நாங்கள் வழக்கம்போலக் கழிப்பறை வரிசைக்குப் போனோம். இறங்கி நொண்டிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள், கையில் தொன்னை நிறையப் பொங்கல், கழுத்தில் மெடல்; அணியில் சைக்கிள் பங்கை முடித்தவர்களுக்கு அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். பட்டையை வாங்கிக்கொண்டு தம்பி எப்போதோ ஓடிப் போயிருந்தான், திரும்பி வரும்போது "நாஸ்தா மிச்சம் கீதா?" என்றுதான் வருவான். பகல்நேர இல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி அவள் மடியில் சாய்ந்து மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டீங்க?" என்றாள். "பாலம் தாண்டித் திரும்பிப் பாத்தேன், வண்டியே காணோம்."

"நீதான் காணாமப் போயிட்ட."

அவள் சிரித்தாள். பொங்கலில் இருந்த முந்திரியைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள்.

"படகை வடக்கே அனுப்பிட்டியே. நான் மூழ்கியிருந்தா?" என்றேன்.

"நீச்சல் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மறுநாள் காலை பீரோவிலிருந்து கிளிப்பச்சையும் ஆரஞ்சும் வெளியே வந்து என் மேஜைமேல் விழுந்தன. "இது ரெண்டும் உங்களுது. செயின் துடைக்க வெச்சுக்குங்க." அவள் மூன்றாம் வருடத்து நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினாள். பால் கீழ்த்தளத்தில். எங்கள் வீடு இரண்டாவது மாடி. நான் வாசலில் நின்று பார்த்தேன். லிஃப்ட் கீழே போகவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று எண்கள் எரிந்தன, ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பேச்சுக் குரல் கேட்டது. கடைசி மாடி வரை போய்விட்டுத்தான் அவள் பாலுக்கு இறங்கினாள்.